சும்மா சுற்றும் சக்கரம்

பதினொரு வருசம் மீற்றர் வாசித்தவன் நான்.
கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி வரை
எந்த வீட்டு நாய் கடிக்கும்,
எது குரைப்பதோடு சரி, எல்லாம் பாடம்.
வைகாசியில் ஒருநாள் கட்டிலைவிட்டு எழும்பவில்லை.
பிறகு பார்த்தால் ஆவணி.

இடையில் சொல்ல ஒன்றுமில்லை.
கூரைத் தகட்டில் இருபத்தேழு ஆணி.
'நீ உதவாதவன்' என்று ஒரு குரல்.
என் குரல்தான், அதனால் சந்தேகிக்கவில்லை.
யோகமலர் கதைப்பதைக் குறைத்தாள்.
அதையும் குரல் தன் கணக்கில் பதிந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை, மட்டக்களப்பு ஆஸ்பத்திரி,
பின்பக்கக் கட்டடம்.
மிஸ் சபீஹா, காத்தான்குடி ஆள், என்னிலும் மிக இளையவர்.
எழுதாத பேனையை உதறி உதறி எழுதுவார்.
ஆறுதல் சொல்வார் என்று போனேன்.
கொப்பி தந்தார். நாலு நிரல்:
நடந்தது.
வந்த நினைப்பு.
நூற்றுக்கு எத்தனை நம்பினீர்கள்.
அதற்கு என்ன சாட்சி.

தாழ்கிறவனுக்குக் கணக்குப் பாடமா என்றேன்.
உதவாதவனுக்கு எதற்குக் கொப்பி?
பேனையை உதறினார்.
"அதையே எழுதுங்க. நூற்றுக்கு எத்தனை?"
"தொண்ணூற்றைந்து."
"ஏன் நூறில்ல?"
பதில் இருக்கவில்லை.
அந்த மிச்ச ஐந்து
பஸ்ஸில் என்னோடு வீடு வரை வந்தது.

முதல் கிழமை வேலை:
பின்னேரம் நாலரைக்கு கேட் வரை நடப்பது.
மனம் வந்தால் நடக்கிறேன் என்றேன்.
"மனம் பிந்தித்தான் வரும்.
நீங்க முந்திப் போய் நில்லுங்க."
நின்றேன். வரவில்லை.
சந்தோசம்: 0.
மறுநாளும் 0.
அன்னமுன்னா மரத்தில் பிஞ்சு கண்ட அன்றைக்கு: 1.
அழிக்கத் தேடினேன், அழிரப்பர் இல்லை.

பிறகு நகுலேசன்.
'என்னை அருவருக்கிறான்': தொண்ணூறு.
சாட்சி: போன் எடுக்கவில்லை.
"வேற?"
வேறு இல்லை.
"அப்ப போய்ப் பாருங்க.
என்ன நடக்கும் எண்டு முதல்ல எழுதிட்டுப் போங்க."
எழுதினேன்: கதவு திறக்க மாட்டான்.

திறந்தான்.
சாரத்தை ஒழுங்காகக் கட்டாமல் கொஞ்ச நேரம் நின்றான்.
"என்ன கதைக்கிறதெண்டு தெரியல்ல மச்சான்.
நாள் போகப் போக வெக்கமாயும் போயிற்று."
பிளேன்ரீ தந்தான், சீனி கூட.
தொண்ணூறு நாற்பதாகியது.
பூச்சியமாகவில்லை.
அவன் மனைவி வெளியே வரவில்லையே.

அன்றிரவு ஒன்று நினைவு வந்தது.
பில் கூட என்று சண்டைக்கு வருகிற வீட்டில்
மெயின் சுவிச்சை இறக்கச் சொல்வேன்.
ஒரு பல்பும் எரியாமல் சக்கரம் சுற்றினால்
பிழை வீட்டில் இல்லை, மீற்றரில்.
எத்தனை பேருக்குச் செய்து காட்டியிருப்பேன்.
எனக்கு ஒருநாளும் இல்லை.

மிஸ்ஸிடம் பெருமையாகச் சொன்னேன்.
"நல்லாருக்கு" என்றார்.
"நாலாவது நிரல்ல எழுதிட்டு வாங்க."

பதினான்காம் செவ்வாய் கேட்டேன்:
இதில் எது மிஸ் வேலை செய்தது?
கொப்பியா, நடையா, வெள்ளைக் குளிசையா,
கேள்வியைப் பாதியில் விடாத உங்கள் குணமா?
யன்னலைப் பார்த்தார்.
"பெரிய ஆக்களும் இன்னும் தேடுறாங்க.
எனக்கு முழுசாத் தெரியா."

அன்றைக்குத்தான் அவரை முழுதாக நம்பினேன்.
அதற்கு நிரல் இல்லை, எழுதவில்லை.

திரும்ப வேலைக்குப் போகிறேன்.
குரலும் வருகிறது, மாரியில் கொஞ்சம் கூட.
போன கிழமை ஆரையம்பதியில்
குரைப்பதோடு சரி என்றிருந்த நாய்
கெண்டைக்காலைப் பிடித்தது.
பார்த்தாயா, என்றது குரல்.
மதிலில் சாய்ந்து கொப்பியை எடுத்தேன்.
நடந்தது: நாய் கடித்தது.
வந்த நினைப்பு: நான் உதவாதவன். அறுபது.
சாட்சி என்ற இடத்தில் பேனை நின்றது.
இருந்த ஒரே சாட்சி
நாயைப் பற்றியது.

சிரிப்பு வந்தது. வலியும்தான்.
ஊசிக்குப் போகமுன்
அந்த வீட்டு மீற்றரையும் வாசித்தேன்:
04418.