ஏழாவது லேயர்

களக்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மெடிக்கலுக்கும் உரக்கடைக்கும் நடுவில் என் கடை.
பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி,
கொடை, கட்சி, காதுகுத்து.
சதுர அடி பன்னிரண்டு ரூபாய்.
எல்லா முகமும் எனக்கு ஒரே விலை.

பலவேசத்தை முதலில் இருபதுக்குப் பத்தில் அடித்தேன்,
கபடி லீக்கில் அவன் ஏலம் போன வருசம்.
நாற்பத்தோரு லட்சம் என்று
கால்மாட்டில் போடச் சொன்னார்கள். போட்டேன்.
தொடையைத் தட்டி நிற்கிற படம்.
வலது மணிக்கட்டில் கயிறு, இரண்டு நிறம்.
எந்த இரண்டு என்று சொல்ல மாட்டேன்,
சொன்னால் உங்களுக்குத் தெருவே தெரிந்துவிடும்.
"கயிறு பளிச்சுன்னு இருக்கணும்டே" என்றார் உச்சிமாகாளி.
கொஞ்சம் ஏற்றிவிட்டேன்.

ஆவணியில்
வேறு நிறம் கட்டிய ஒரு பையனை
பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறக்கி வெட்டினார்கள்.
ஒன்பதாம் வகுப்பு.
பிழைத்துவிட்டான். மூன்று விரல் மடங்காதாம்.
அதற்கு யாரும் ஃப்ளெக்ஸ் அடிக்க வரவில்லை.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை, அரையிறுதி.
நாலு நிமிசம் பாக்கி, இரண்டு புள்ளி பின்னால்.
பலவேசம் பிசியோவிடம் கத்திரி வாங்கினான்.
விரல் கட்டைப் பிரிக்கப் போகிறான் என்று நினைத்தோம்.
கயிற்றை வெட்டி நடுக்கோட்டில் வைத்து,
கேமராவைப் பார்த்து அந்தப் பையன் பேரைச் சொல்லிவிட்டு,
பாடிப் போனான்.
மூன்று பேரைத் தொட்டுத் திரும்பினான்.
நடுவர் கயிற்றைக் காலால் ஒதுக்கினார்.
டிவியில் சிமெண்ட் விளம்பரம் வந்தது.

ஜெயித்தார்கள். டீக்கடையில் அதை யாரும் பேசவில்லை.

"விளையாடப் போனவன் விளையாடணும்வே,
அரசியல் எதுக்கு?
தொட்டுட்டுத் திரும்பி வரத்தானே நாப்பத்தோரு லட்சம்?"
உரக்கடைக்காரர் என்னைத்தான் கேட்டார்.
எட்டு வருசம் அதைக் கட்டிக்கொண்டு ஆடினானே,
அதற்கு என்ன பேர் அண்ணாச்சி என்று
வாயெடுத்தேன். கரண்ட் வந்துவிட்டது,
மிஷினைப் போட ஓடினேன்.

பையனின் தெருவிலும் மாலை ஒன்றும் கட்டவில்லை.
"இப்பதான் அவனுக்குக் கத்திரி கெடச்சுதாக்கும்?"
தாய்மாமன் கேட்டாராம்.
அதிலும் பிழை சொல்ல முடியவில்லை.

நகைக்கடை அவனை எடுத்துவிட்டு
ஒரு சீரியல் நடிகையை வைத்தது.
ரேஷன் கடையில் அவன் அம்மைக்கு
முன்னால் ஒரு ஆள் இடம், பின்னால் ஒரு ஆள் இடம்
விட்டு நின்றார்கள், மரியாதை போல.
விலக்கில் கட்டியிருந்த இருபதுக்குப் பத்தில்
விடிந்தபோது கழுத்துக்கு மேலே இல்லை.
கையை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள்,
கயிறோடு.

கொடைக்கு நாலு நாள் இருக்க உச்சிமாகாளி வந்தார்.
"பய கோப்பையோட வாரான்.
வரவேற்காம விட்டா மேலூர்க்காரன் சிரிப்பான்.
கோப்பை தூக்குற படத்தையே போடு.
கையில மட்டும் பழையதை வச்சிரு."
எண்ணூறு ரூபாய் அட்வான்ஸ்.

ராத்திரி உட்கார்ந்தேன்.
பழைய ஃபைலில் கயிற்றை வெட்டி எடுத்தேன்,
ஏழாவது லேயர்.
புதுப் படத்தைப் பெரிதாக்கினால்
மணிக்கட்டைச் சுற்றி ஒரு விரல்கடை அகலத்துக்கு
வெயில் படாத வெளுப்பு.
எட்டு வருசத் தோல்.
கயிற்றை எப்படி வைத்தாலும்
அதன் ஓரம் ஒரு நூல் வெளியே தெரிந்தது.
மறைக்கலாம். ஐந்து நிமிச வேலை.
கல்யாணப் பெண்ணின் அம்மைத் தழும்பை
தினம் மறைக்கிறவன்தான் நான்.

மூன்று மணிக்கு லேயரை அணைத்துவிட்டு
பிரிண்ட் கொடுத்தேன்.

காலையில் போன் வந்தது.
இங்க் தீர்ந்துபோச்சு அண்ணாச்சி என்றேன்.
"எந்தக் கலருலே?"
மிஷின் சத்தத்தில்
கேட்காதது மாதிரி இருந்தேன்.