நலமானவர் எண் பதினேழு

ஊட்ரம் பார்க்கில் இறங்கி, மூன்று கதவு தாண்டினால்
என் இருட்டறை.
யார் யாருடைய சீரத்தையோ
கண்ணாடித் தகட்டில் சொட்டிப் பார்ப்பது வேலை.
உடம்பு தன்னையே பகைத்திருந்தால்
பச்சையாக ஒளிரும்.
இல்லையென்றால் வெறும் கறுப்பு.

மார்ச்சில் என்னுடையது வந்தது.
சியூ லிங் பார்த்துவிட்டு
கோப்பி வாங்கி வருகிறேன் என்று எழுந்துபோனாள்.
அவள் கோப்பி குடிப்பதில்லை.

ஆயிரத்து இருநூற்று எண்பது பங்கு நீர்த்த பிறகும்
அணையாத பச்சை.

ஊசி போட்ட பதினெட்டாம் நாள்
விரல்கள் மடங்கவில்லை.
மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றினோம்.
சுவா சூ காங்கிலிருந்து அண்ணன் வேதநாயகம்
தினமும் ஆறு காணொளி அனுப்பினான்.
"அப்பவே சொன்னேன்ல."
அப்போது அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சமூக மன்றத்தில் பக்கத்து நாற்காலியில்
சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று
பிறருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.
இந்தப் பழம் என் தலையில் விழுந்தது.
காக்கையை நிமிர்ந்து பார்க்காமல் எப்படி?

டாக்டர் நோரைனி மழுப்பவில்லை.
"சில ஊசிக்குச் சில நோய், மிக அரிதாக, உண்டு.
உன் நோய்க்கும் தேடியிருக்கிறார்கள்.
போட்டவர், போடாதவர்,
பெரிய வித்தியாசம் தெரியவில்லை.
ஆனால் நீ ஒருத்தி.
ஒருத்தியைப் பற்றி அந்தக் கணக்குக்குத் தெரியாது."
கடைசி வரிக்குத்தான் அழுதேன்.

அப்புறம் ஒரு ராத்திரி நினைவு வந்தது.
நாலு வருஷம் முன்னே, வேறொரு சோதனைக்கு,
நோயில்லாத ரத்தம் தேவையென்றார்கள்.
இருபது பேர் கை நீட்டினோம்.
மைலோ கொடுத்தார்கள்.
மைனஸ் எண்பதில், நீல மூடிக் குழாயில்
இன்னும் உறைந்திருக்கிறேன்:
நலமானவர் எண் பதினேழு.

மூன்று படிவம். இரண்டு மாதம்.
உருகுவதற்கு அரைமணி.

கறுப்பாக இருந்தால்
கோபப்பட எனக்கொரு முகவரி கிடைக்கும்.
பச்சையென்றால் யாருமில்லை.
கறுப்பு வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.
ஆய்வுக்கூடத்துக்காரி வேண்டக்கூடாத வேண்டுதல்.

வந்தது பச்சை.
மங்கல்.
ஈசூனில் எதிர் புளோக்கில்
விடிகாலை நாலுக்கு
யாரோ ஒருவர் மட்டும் அடுப்படி விளக்கைப் போட்டதுபோல.
நான் அசந்து தூங்கியபோதே
உள்ளே ஓர் ஆள் எழுந்துவிட்டிருக்கிறார்.

இவ்வளவு மங்கல் நலமானவர் சிலருக்கும் உண்டு.
விளக்கைப் போட்டுவிட்டு
ஆயுள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பார்.
எழுப்பியது ஊசி இல்லை.
எழுந்தவரைக் கதவுவரை நடத்தி வந்ததா?
அதற்குத் தகட்டில் நிறம் கிடையாது.

அண்ணனுக்குப் படம் அனுப்பினேன்.
"பச்சையா இருக்கே, நல்லதுதானே?"

நவம்பரில் சளிக்காய்ச்சல் ஊசி.
மாத்திரைகளால் காவல் குறைந்திருக்கிறது,
தள்ளிப்போடாதே என்றார் நோரைனி.
வேதநாயகம் கூட வந்தான்.
கைபேசியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு
வெளியே உட்கார்ந்திருந்தான்.

நாள் எண்ணக்கூடாது.
எண்ணினேன்.
பத்தொன்பதாம் நாள் காலை
மோதிரத்தைப் போட்டுப் பார்த்தேன்.
பாதிவரை போனது.