வட்டம் மட்டும்

முதலில் மீனைத்தான் சந்தேகித்தோம்.
கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் இருந்துகொண்டு
மீனைக் குறை சொல்வது
உப்பிட்ட கையை உதறுவது மாதிரி.
ஆனாலும் ஒரு மாதம் வாயில் வைக்கவில்லை.
பிறகு சோப்பு.
பிறகு பார்டூர் ஆசையாய் வாங்கித் தந்த கம்பளிச் சட்டை.
பிறகு பூனை.
சூதுரோய் தீவில் இருக்கும் நாத்தனாருக்கு
அதைக் கூண்டில் வைத்து அனுப்பினேன்.
கம்பிக்குப் பின்னாலிருந்து அது பார்த்த பார்வை
எனக்கு இன்னும் அரிக்கிறது.

தடிப்பு நின்றபாடில்லை.

மீன் அறுக்கும் மேசையிலிருந்து வந்து,
ரப்பர் கையுறையை உரித்துப் போட்டு,
காப்பிக் கோப்பையை இரு கையாலும் பிடிப்பேன்.
அப்போதுதான் ஆரம்பிக்கும்.
உறைந்திருக்கும்போது அல்ல,
உயிர் திரும்பும்போது.
எறும்பு ஊர்வது போல என்பார்கள்.
எறும்பாவது எங்கேயோ போகிறது.
இது போக்கிடமில்லாமல்
தோலுக்கடியில் நின்ற இடத்திலேயே
கால் மாற்றி மாற்றி வைக்கிறது.

சொறிந்தால் சுகம்.
நாலு எண்ணுவதற்குள் அந்தச் சுகம் தீரும்.
பிறகு ஓரம் சிவந்து, நடு வெளுத்து,
பிசைந்த மாவில் டம்ளரை அழுத்தி எடுத்தது போல்
எழும்பி நிற்கும்.

மருத்துவர் மார்யுன் முதல் நாள்
மாத்திரை தரவில்லை.
பேனா தந்தாள்.
“ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு போடு.
நாளை இதே நேரம் பார்.”

பதினேழு வந்தது.
எங்கள் நாடே பதினெட்டுத் தீவு.
“ஒன்று குறைகிறதே” என்றார் பார்டூர்,
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
மறுநாள் தீவுகளைக் காணோம்.
கடல் கொண்டுபோன பின்
வரைபடம் மட்டும் தங்கியது போல்
பதினேழு நீல வட்டம்,
உள்ளே ஒன்றும் அறியாத தோல்.

“நல்லது” என்றாள் மார்யுன்.
“நாள் தாண்டி நின்று, வலித்து,
கறுத்துப் போனால்தான் வேறு கதை.”
பிறகு குளிர்பெட்டியைத் திறந்து
ஒரு பனிக்கட்டியைப் பையில் போட்டு
என் முழங்கைக்குக் கீழே வைத்தாள்.
ஐந்து நிமிடம் வைத்து எடுத்தாள்.
இன்னும் பத்து நிமிடம் காத்திரு என்றாள்.
அந்தப் பத்து நிமிடமும்
மகன் தொலைத்த சைக்கிளைப் பற்றிப் பேசினாள்.
நடுவில் இருவருமே நிறுத்திவிட்டோம்.
சதுரமாக எழுந்திருந்தது,
கட்டியின் நாலு மூலையும் தப்பாமல்.

குளிரா?
இந்த ஊரில் குளிரை விட்டுவிடுவது எப்படி?
காற்றைக் கூண்டில் போட்டுக்
கப்பல் ஏற்ற முடியுமா?

மாத்திரை தினமும்.
அரிக்கும்போது மட்டுமல்ல, அரிக்காதபோதும்.
போதாமல் போய், மூன்று வாரம் கழித்து
அவளே அளவைக் கூட்டினாள்.
ரப்பருக்குள் பருத்திக் கையுறை.
ஐஸ் போட்ட எதுவும் வேண்டாம்.
உதடு வீங்கினால், தொண்டை இறுகினால்
யோசிக்காதே, பையிலிருக்கும் ஊசியைத் தொடையில் குத்து,
உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு.
“கடல்?” என்றேன்.
அவள் எழுதுவதை நிறுத்தினாள்.
“உடம்பு முழுக்க ஒரே தடிப்பானால்
கரைக்கு வர உனக்கு நேரம் இருக்காது.”

சுன்வாவுக்கு ஃபோன் செய்தேன்:
பூனைமேல் குற்றமில்லை.
“எனக்குத் தெரியும்” என்றாள் நாத்தனார்.
“இனி அது இங்கேதான்.”

படகுப் போட்டிக்கு என் துடுப்பை
ரகுன்னாவிடம் கொடுத்தேன்.
வென்றார்களா என்று கேட்காதீர்கள்,
நாலாவது இடம்.
வழக்கம்போல ஆறு பேரும்
துடுப்பைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்தார்கள்.
நான் மேட்டில் நின்றேன்,
கையில் ஆறு துண்டு, கழுத்தில் மூன்று சுற்று.
ஒன்று, இரண்டு என்று தலைகளை எண்ணினேன்.
ஆறாவது எழும்பத் தாமதித்தது.
அதுவரை கடலை
உள்ளே இருந்து மட்டுமே எனக்குத் தெரியும்.

ரகுன்னா எழும்பினாள், கெட்ட வார்த்தையோடு.

அவளைத் துவட்டிய ஈரத்தில்
என் மணிக்கட்டில் ஒன்று முளைத்தது.
சொறியவில்லை.
பேனாவை எடுத்தேன்.
“என்ன எழுதுகிறாய்?” பல் கிடுகிடுக்கக் கேட்டாள்.
“பதினெட்டு” என்றேன்.