தொடாமல் எண்ணுவது

லாபிர் காக்கா முப்பது கேட்டார்.
மருதமுனையில் அவருடைய முப்பது தறிக்கும்
ஊடை எத்தனை தரம் ஓடியதென்று காட்டும்
முப்பது பெட்டி.
விலையைச் சொன்னதும்
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்.
"இந்தச் செம்புக் கட்டி எதுக்குத் தங்கச்சி?
உரிச்ச கோழி மாதிரிக் கனக்குது."

செம்புக் கட்டி என்றது ட்ரான்ஸ்போமரை.
உள்ளே இரண்டு சுருள், ஒன்றையொன்று தொடாது.
நடுமதிலுக்கு இப்பாலும் அப்பாலும் குடியிருந்து
பேச்சு மட்டும் கேட்கிற இரண்டு வீடு.
அந்த மதிலுக்குத்தான் அறுநூற்றைம்பது ரூபா.

மதிலை எடுத்தேன்.
பதிலுக்கு ஒரு கொண்டென்சர்,
பெருவிரல் நுனியளவு மஞ்சள் பெட்டி.
இருநூற்று முப்பது வோல்ட் வந்து முட்டினால்
இருபது மில்லி அம்பியர் சொச்சம் விடும்,
அதற்கு மேல் விடாது, சூடாகவும் செய்யாது.
இதே வேலையை ஒரு ரெசிஸ்டரிடம் கொடுத்திருந்தால்
அதன் மேல் தேத்தண்ணி ஆறாமல் இருக்கும்.
பிறகு நாலு டயோட், ஒரு செனர்,
ஐந்து வோல்ட்.
எல்லாம் சேர்த்து நூற்றுப்பத்து.

முதலில் போட்டது
நானூறு வோல்ட் என்று எழுதியிருந்தது.
நேராய் ஓடுகிற கரண்டுக்குத்தான் அந்த நானூறு.
செக்கனுக்கு ஐம்பது தரம் புரண்டு படுக்கும் கரண்டை
அது எங்கே கண்டது?
மூன்றாம் நாள் அஸருக்குச் சற்று முன் வெடித்தது.
இரண்டு நாள் கடையில்
நண்டு கருகின மணம்.

முத்திரை குத்திய நல்லதை வாங்கி வந்தேன்.
அது வெடிக்கவில்லை.
கழற்றி எடுத்த பிளக்கின் பித்தளைக் கால்
என் உள்ளங்கையைக் கடித்தது.
குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட்டேன்,
இப்போது ஒரு செக்கனுக்குள் மறந்துவிடுகிறது.
லாபிர் காக்காவின் கடன் கொப்பிக்கு
அப்படி ஒன்று சந்தையில் இல்லை.

அலைவடிவம் பார்க்கலாம் என்று
அலைகாட்டியின் முதலைவாய்க் கிளிப்பை
கிரவுண்டில் கவ்வவிட்டேன்.
ட்ரிப் விழுந்தது. கட்டடமே இருட்டு.
பக்கத்துச் சலூனிலிருந்து
ஒரு கன்னம் மட்டும் மழித்த ஆள் எட்டிப் பார்த்தார்.
அன்று படித்தேன்:
கிரவுண்ட் என்று நான் படத்தில் கீறிய கோடு
தரையல்ல.
மதில் இல்லாத வீட்டில்
எல்லா அறையும் தெருதான்.

ஆனாலும் ஒரு பெட்டியைத் தறியில் மாட்டிவிட்டேன்.
ஏழாம் தறி, ஜெஸீமா றாத்தா.
முகம் கழுவி வந்தவ,
ஈரக் கையைச் சட்டையில் துடைத்தும் துடைக்காமலும்
பூச்சியத்துக்குக் கொண்டுவரும் பொத்தானை நோக்கி நீட்டினா.
"பொறுங்க!"
கத்தினது நான்தானா?
பொத்தானின் உருக்குத் தலையில் டெஸ்டரை வைத்தேன்.
எரிந்தது.
பிளக்கைத் திருப்பிக் குத்தினேன்.
அப்போதும் எரிந்தது.

றாத்தா ஒன்றும் சொல்லவில்லை.
தறியை நிறுத்தாமல்
நழுவின தலைத்துணியை இழுத்துச் சரிசெய்தா.
தாடைக்குக் கீழே துணியின் இரு மடிப்பையும்
ஊசி இல்லாமல் பிடித்திருந்தது
ஒரு சோடிக் காந்தம்.
நடுவில் துணி. ஓட்டையில்லை.

பொத்தானைப் பிடுங்கினேன்.
உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய்ச் சுவிட்ச்,
நெற்கதிரின் ஒற்றை மணியைவிடக் கொஞ்சம் நீளம்.
பிளாஸ்டிக் பெட்டியை ஆணியில்லாமல் ஒட்டினேன்,
என்னாலேயே இனித் திறக்க முடியாதபடி.

அந்தியில்
றாத்தா காந்தத்தைக் கழற்றிப் பெட்டியின் முதுகில் வைக்கப் போனா.
வைக்கவில்லை.
மற்றக் கையால் பையைத் துழாவி
ஒரு சின்னக் கொப்பியை எடுத்து
நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு
என்று எழுதிக்கொண்டா.
பிறகுதான் பூச்சியம்.

லாபிர் காக்கா கேட்டது
தனக்கு எண்ணிச் சொல்ல ஒரு பெட்டி.
காந்தத்துக்கும் காசா என்று
இன்னும் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.