எத்தனை மூட்டை

நெய்தலின் மணல்தான்.
அள்ளினால் சர்க்கரைபோல் விரலிடுக்கில் வழிகிறது.
ஆனால் கடல் இங்கிருந்து பத்து நாள் படகு.
குறிஞ்சியின் மழை; மலையைக் காணோம்.
எந்தத் திணையில் சேர்ப்பது இதை?
பனிவா மொழியில் இந்தக் காட்டுக்கு ஒரு பெயர் உண்டு,
எனக்கு நாக்கு புரளவில்லை.
‘இசானா ஆறு, இடக்கரை, மூன்றாம் பாத்தி’
என்று மட்டும் படிவத்தில் எழுதினேன்.

மரங்கள் என் மணிக்கட்டுப் பருமன்,
என் அப்பாவைவிட மூத்தவை.
ஓடை தாண்டி அரை நாள் நடந்தால்
செம்மேட்டில் இவற்றின் பங்காளிகள்:
நாலு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாது.
அதே மழை, அதே வெயில்.
காலடியில் களிமண், அவ்வளவுதான்.

இங்கே வேர்கள் கீழே போவதில்லை.
கீழே ஒன்றுமில்லை என்று எப்போதோ தெரிந்துகொண்டு
மேல்நோக்கி வளர்கின்றன,
உதிரும் இலையை மணல் தொடும் முன் கவ்வ.
சருகை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினேன்.
மெத்தைபோல் மொத்தமாய் எழுந்து வந்தது,
வெள்ளை நூலால் தைத்தது.

ஓர் இலையைக் கிள்ளி மென்றேன்.
செருப்புத் தோல். துவர்ப்பு நாக்கைச் சுருட்டியது.
போனால் இன்னொன்று வாங்கக் காசில்லாத வீடு
கதவுக்கு மூன்று தாழ் போடும்.
அந்தத் துவர்ப்புதான் மழையோடு இறங்கி
ஆற்றைக் கடுங்காப்பி ஆக்குகிறது.
கொசு குறைவு. மீனும் குறைவு.
கரையில் வீடுகளும் தள்ளித் தள்ளி.

மூன்று வருஷம் முன்னால்
மனாவுசிலிருந்து பாஸ்பேட் கொண்டுவந்தோம்.
சுமந்தவர் பிபியானோ, நசாரியாவின் கணவர்.
படகு தரைதட்டிய இடத்தில் இரண்டு மூட்டை ஆற்றுக்குப் போயிற்று;
அந்த வாரம் அங்கே மட்டும் பாசி பூத்ததாம்.
மிச்சத்தைக் கயிறு கட்டிய பாத்திக்குள் தூவினோம்,
அளந்து, கிராம் கிராமாக.

இப்போது பாத்திக்குள் புது இலை.
வெற்றிலைக் கொழுந்துபோல் மெத்தென்று, இளம்பச்சையில்.
நாற்பது படம் எடுத்தேன்.
மறுநாள் விடியலில் காம்புகள்தான் இருந்தன.
கயிற்றுக்கடியில் எறும்புகள்
பச்சைக் கொடி பிடித்து ஊர்வலம் போயின.
கயிற்றுக்கு வெளியே
ஓர் இலையைக்கூடத் தொடவில்லை.

நசாரியா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.
சிரிப்பை அடக்க முயன்றதாகத் தெரியவில்லை.
“காடு முழுக்கப் போட எத்தனை மூட்டை ஆகும்?”
நான் மனதுக்குள் பெருக்க ஆரம்பித்தேன்,
நிஜமாகவே.

அவள் கொல்லை மரவள்ளியும் இந்த ஊர்க்காரிதான்.
பச்சையாய்த் தின்றால் ஆளைச் சாய்க்கும்.
துருவி, ஓலையில் பின்னிய நீள்குழலில் திணித்து,
அடியில் செருகிய கழிமேல் அவள் உட்கார,
குழல் மெலிந்து நீண்டு
மஞ்சளாய் விஷம் சொட்டுகிறது.
அதையே நெடுநேரம் கொதிக்கவிட்டு, மிளகாய் கிள்ளிப்போட்டு
மத்தியானத்துக்கு மீன்குழம்பு.
“கசக்காத ரகம் ஒருதடவை நட்டேன்” என்றாள்,
அப்பத்தைத் திருப்பிப் போட்டபடி.
“காட்டுப்பன்றிகளுக்கு நல்ல வருஷம் அது.”

சாப்பிட்டு நிழலில் உட்கார்ந்தேன்.
கொடுக்கில்லாத சின்னத் தேனீக்கள் வந்தன.
முழங்கையில் தொடங்கி மணிக்கட்டுவரை
தலை குனிந்து என் வியர்வையைக் குடித்தன.
தேன் பூவில் கிடைத்துவிடும்.
உப்பு, பத்து நாள் படகு.

படிவத்தில் ‘வெளியிலிருந்து வரும் சத்து’ என்று ஒரு கட்டம்.
மழை, தூசு என எழுதியிருந்தேன்.
இன்னொரு சொல் எழுதலாம்.
பேனா வலக்கையில் இருந்தது.
கை முழுக்கத் தேனீ.
அவை எழுந்திருக்கட்டும் என்று
அசையாமல் இருந்தேன்.