சார்பெழுத்து

அனுப்பிய பத்தாவது நிமிடம்
வரிப்படிவம் திரும்பி வந்தது.
நீங்கள் குறிப்பிட்ட சார்ந்திருப்பவரை
வேறொருவர் ஏற்கெனவே கோரிவிட்டார்.

யார் அது?
மிருதுளாவின் ஒன்பது இலக்கம்
எனக்குத் தலைகீழாகவும் தெரியும்.
தடுப்பூசி அட்டை முதல் கல்லூரி விண்ணப்பம் வரை
என் கையெழுத்துதான்.
அவள் அப்பாவாக இருக்குமோ என்று
பழைய கோபம் ஒன்று தலைதூக்கிப் பார்த்தது.
பாவம், ஃபீனிக்ஸில் தூங்கிக்கொண்டிருப்பார்.

லிங்கனுக்குப் போன் போட்டேன்.
பின்னால் மாவு பிசையும் இயந்திரத்தின் இரைச்சல்.
"நான்தாம்மா.
பேக்கரி சம்பளத்துக்கு நானே ஃபைல் பண்ணிட்டேன்.
அறுபத்தெட்டு டாலர் திரும்ப வருது!"

அவளைக் கோரியவள் அவளே.

அந்த அறுபத்தெட்டால்
எனக்கு ஐந்நூறு போகிறது என்பதை
நான் சொல்லவில்லை.
இல்லை, சொன்னேன்.
சிரித்தாள். அப்புறம்,
"தப்பாம்மா?"

சட்டம் என் பக்கம்.
இருபத்து நான்கு ஆகவில்லை, முழுநேர மாணவி,
விடுதியில் படுத்தாலும் ஒமாஹாவில் என் வீட்டில்
இருப்பதாகவே கணக்கு.
வாடகை, காப்பீடு, பல் டாக்டர்,
அவள் செலவில் பாதிக்கு மேல்
அவளே தாங்கியிருக்கக் கூடாது. தாங்கவில்லை.

பாதி என்றதும் பள்ளிக்கூட இலக்கணம்
எங்கிருந்தோ வருகிறது.
சார்பெழுத்துகளில் குற்றியலுகரம் என்று ஒன்று.
தன் ஒரு மாத்திரையில் பாதிதான் ஒலிக்கும்.
அடுத்து ஓர் உயிர் வந்து நின்றால்
மெய்யை அப்படியே விட்டுக் கிளம்பிவிடும்.
ஒரு மார்க் கேள்வி.
அன்று தப்பாக எழுதினேன்.

"திருத்தி அனுப்பு" என்றேன்.
"எந்தக் கட்டம்?"
"உன்னை வேறொருத்தர் கோர முடியுமான்னு கேக்கும்.
கோருறாங்களான்னு இல்ல. முடியுமான்னு.
ஆமான்னு போடு."
"போட்டா நான் இன்னும் குழந்தையா?"
"வரித்துறைக்கு."

இயந்திரம் நின்றது.
ஷிஃப்ட் முடிந்ததும் செய்கிறேன் என்றாள்.
நான் என்னுடையதைத் தாளில் அச்சடித்து
அஞ்சலில் போட வேண்டும்,
பதினைந்துக்குள்.

பிரிண்டர் முதல் பக்கத்தைத் துப்பியது.
அதே கேள்வி அங்கே என்னிடமும்:
உங்களை யாராவது கோர முடியுமா?
பத்தொன்பது வருடமாகப் படிக்காமலே
தாண்டி வந்திருக்கிறேன்.
இரண்டு முறை படித்தேன்.
ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்கியது.

கட்டத்தைக் காலியாக விட்டேன்.
அதுதான் சரியான விடை.