ஐந்நூறு கிராம்

காப்புறுதிக் கடிதத்தில் கேட்டிருக்கிறார்கள்:
ஒரு பக்கத்துக்கு எத்தனை கிராம் எடுப்பதாய் உத்தேசம்?

அம்மா வேலையால் வருமுன்
சமையல் தராசில்
மைசூர்ப் பருப்பைக் கொட்டுகிறேன்.
ஐந்நூறு.
இவ்வளவுதானா.
பதின்மூன்று வயதிலிருந்து முதுகு கூனியதும்
தோளில் வார் தோண்டிய பள்ளமும்
இந்த ஒரு பொட்டலத்துக்கா?

டொக்டர் லூதி நீலப் பேனாவால்
என்மேல் கோடு கீறிக் காட்டினாள்.
தழும்பு நங்கூரம் போல இருக்குமாம்.
பிறகொரு காலம்
பால் வராமலும் போகலாம் என்றாள்,
நாளைய மழையைச் சொல்வதுபோல.
இரண்டு முறை குளித்தும் கோடு போகவில்லை.

ஓகஸ்டில், பேர்ணில்,
அண்ணாவின் கறுப்பு ரீசேட்டோடு
ஆரே ஆற்றில் குதித்தேன்.
பச்சைத் தண்ணீர் இரண்டையும்
தன் கையில் வாங்கிக்கொண்டது.
பாலம் வரைக்கும் எனக்குப் பாரமே இல்லை.
சிவப்புக் கம்பியைப் பிடித்துக் கரையேற,
படிக்குப் படி
கிராம் கிராமாய்த் திரும்பி வந்தது.

கதவு திறக்கிறது.
"பருப்போ வைக்கப் போறாய்?"
அம்மாவின் கண் தராசில்;
பிறகு, நான் ஒளிக்க மறந்த கடிதத்தில்.
ஜெர்மன் அவவுக்கு மெல்லத்தான் ஓடும்.
கைப்பையை இறக்காமலே வாசிக்கிறா.
வாசித்து முடிய
தன் பிரா வாரை
ஒருக்கா தூக்கி விடுகிறா.